மலைப்பாதைக்கும் தற்காப்புக்கும் ஒரே கைத்துப்பாக்கி: வாஷிங்டன் மாநிலத்தில் முதல்முறை வாங்குவோருக்கு

நான் சியாட்டிலுக்கு வடக்கே பாத்தெல்லில் இருக்கிறேன். வாரம் ஒருமுறையாவது கேஸ்கேட் மலைப்பாதைகளில் நடப்பேன், பெரும்பாலும் தனியாக. 2024 பிப்ரவரியில் ஃபால் சிட்டி பக்கத்துக் காட்டில் ஐந்து பெண்கள் சைக்கிளில் போனபோது ஒருவர் மேல் கூகர் என்ற மலைச்சிங்கம் பாய்ந்தது. அதிகாரி வந்து சேரும்வரை தோழிகள் அதைச் சைக்கிளால் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். 2018 மே மாதம் நார்த் பெண்ட் அருகே கூகர் தாக்கி ஒரு சைக்கிள்காரர் இறந்தே போனார். இவை அரிதான சம்பவங்கள்தான். ஆனால் அந்தப் பாதைகள் நான் நடக்கும் பாதைகள். போதாததற்கு, ஒரு மாலை கார் நிறுத்துமிடத்தில் ஓர் ஆள் என் காரை இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று இரவு முடிவு செய்தேன்.

முடிவு செய்ததிலிருந்து துப்பாக்கி கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. ஒழுங்காகச் செய்திருந்தால் ஆறு வாரத்தில் முடிந்திருக்கும். என்னைப் போல இந்தியாவிலிருந்து வந்து, துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத ஒருவருக்கு எது எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை எழுதுகிறேன். இது வாஷிங்டன் மாநிலத்துக்கானது. மற்ற மாநிலங்களில் பாதி விதிகள் வேறு.

1. எல்லாவற்றுக்கும் முன் உங்கள் விசா

எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1, பி-2 ஆகியவற்றில் எந்த விசாவில் இருந்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ உங்கள் கையில் இருப்பதே குற்றம். வாங்குவது மட்டுமல்ல, நண்பர் ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்கூடத்தில்) “ஒரு தடவை சுட்டுப் பாரேன்” என்று கொடுப்பதை வாங்கிச் சுடுவதும் இதில் அடங்கும். வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் வாஷிங்டனில் அதற்கு மேல் வெளிநாட்டவருக்கான தனி உரிமம் ஒன்றும் கேட்பார்கள். அந்த வழியில் போக நினைத்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். துப்பாக்கி வழக்கில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவே முடியும். கிரீன் கார்டு இருந்தாலும் முடியும்.

கிரீன் கார்டு கையில் இருந்தால் குடிமகனைப் போலவே வாங்கலாம், வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, வேலை அனுமதி அட்டை மட்டும்தான் இருக்கிறது என்றால் அதுவும் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய விஷயம்தான். கடைக்காரரிடம் கேட்காதீர்கள். அவர் நல்ல மனதோடு தவறான பதில் சொல்லக்கூடும்.

விசாவில் இருப்பவர்கள் அடுத்த படியை மட்டும் படித்தால் போதும். அதுவே உங்களுக்கு முக்கால்வாசிப் பாதுகாப்பு.

2. முதலில் கரடி ஸ்ப்ரே வாங்குங்கள்

இதை நான் கடைசியில்தான் வாங்கினேன், அது தப்பு. கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலானோர் அலாஸ்கா சம்பவங்களை அலசி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்ப்ரே அடித்தபோது பழுப்புக் கரடிகளில் 92 விழுக்காடும் கருங்கரடிகளில் 90 விழுக்காடும் பின்வாங்கின. அதே இருவரும் 2012-ல் துப்பாக்கி பற்றிச் செய்த ஆய்வில், துப்பாக்கி வைத்திருந்தவர்களில் அதைப் பயன்படுத்தியவருக்கும் பயன்படுத்தாதவருக்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாய்ந்து வரும் மிருகத்தைக் குறிபார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஸ்ப்ரே மேகம்போல் விரிவதால் குறி கொஞ்சம் தப்பினாலும் வேலை செய்கிறது.

ஒரு டப்பா 40 முதல் 50 டாலர். ஏறத்தாழ 30 அடி பாயும். சுமார் நான்கு ஆண்டில் காலாவதியாகும், தேதி டப்பாவிலேயே இருக்கும். பையின் பக்கப் பையில் வைக்காமல் இடுப்பிலோ தோள்பட்டையிலோ மாட்டுங்கள். விமானத்தில் கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, கொண்டுபோக முடியாது.

துப்பாக்கி இதற்கு அடுத்த வரிசைதான். ஸ்ப்ரே தீர்ந்த பிறகு, அல்லது எதிரே நிற்பது இரண்டு கால் மிருகமாக இருந்தால்.

3. வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள்

பாத்தெல், பெல்வியூ, ரெண்டன் சுற்றுவட்டாரத்தில் உள்ளரங்க ரேஞ்சுகள் உண்டு. முதலில் ஒரு தொடக்க வகுப்பில் சேருங்கள், 100 முதல் 200 டாலர் ஆகும். பின் வாடகைத் துப்பாக்கி, சுடும் இடம், தோட்டா எல்லாம் சேர்த்து ஒருமுறைக்கு 60 முதல் 80 டாலர். இப்படி மூன்று முறை போனால் 200 டாலருக்கு மேல் போகும். அந்த 200 டாலர் என்னை 900 டாலர் தவறிலிருந்து காப்பாற்றியது.

“மலைக்கு என்றால் மேக்னம் ரிவால்வர்தான்” என்று பலரும் சொன்னதால், அரைக் கிலோகூட இல்லாத 357 மேக்னம் (சக்தி அதிகமான தோட்டா வகை) ரிவால்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். தூக்கிக்கொண்டு மலை ஏற அது அருமையான எடை. முதல் தோட்டாவில் காது அடைப்பானையும் மீறி நெஞ்சு அதிர்ந்தது. இரண்டாவதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தோல் கிழிந்து, பிடியில் ரத்தம் பிசுபிசுத்தது. மூன்றாவதில் நான் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிவிட்டேன். 7 கஜத்தில் தொங்கிய தாளில் ஐந்தில் ஒன்றுதான் பட்டிருந்தது. பயிற்சி தந்த அம்மா தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கரடிக்குச் சத்தம் கேட்டிருக்கும்மா, அவ்வளவுதான்.” அன்று அந்த ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்கு அவர் வைத்த சோதனையை நீங்களும் வையுங்கள். 7 கஜத்தில் ஒரு காகிதத் தட்டு. துப்பாக்கியைக் கீழே தாழ்த்திப் பிடித்த நிலையிலிருந்து தூக்கி, மூன்று நான்கு விநாடிக்குள் ஐந்து தோட்டா. ஐந்தும் தட்டில் விழ வேண்டும். பிறகு அதையே ஒற்றைக் கையால் நிதானமாக. இந்தச் சோதனையில் எந்தத் துப்பாக்கியில் தேறுகிறீர்களோ அதுதான் உங்கள் துப்பாக்கி. கை சிறியதாக இருப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். குழல் முழங்கையோடு நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்தால் ஆள்காட்டி விரலின் சதைப்பகுதி விசைக்கு எட்டுகிறதா? துப்பாக்கியின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை வியர்த்த கையால் முழுசாகப் பின்னுக்கு இழுக்க முடிகிறதா?

4. எந்தக் கலிபர் (தோட்டா அளவு), எந்த வகை

வாஷிங்டனில் நீங்கள் சந்திக்கக்கூடியவை கருங்கரடியும் கூகரும். கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி வடகிழக்கு மூலையில் மிகச் சில மட்டுமே. கூகர் பெரும்பாலும் 100 முதல் 150 பவுண்டுக்குள் இருக்கும், எலும்பும் தோலும் கரடி அளவுக்குத் தடிமன் இல்லை. எனவே இந்த மாநிலத்தில் மட்டும் நடப்பவர்களுக்கு 44 மேக்னம் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. மொன்டானாவின் கிளேசியர், வயோமிங்கின் யெல்லோஸ்டோன் என்று கிரிஸ்லி நாட்டுக்கு அடிக்கடி போகிறவர்கள் கணக்கு வேறு.

9 மி.மீ.: சுடும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும் உதைப்பு குறைவு, 50 தோட்டா பெட்டி 15 டாலர் அளவில் கிடைக்கும், அதனால் நிறையப் பழகலாம். கிளாக் 19 அளவுள்ள துப்பாக்கி, தோட்டா நிரப்பினால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். ஊருக்குள் மறைத்து வைக்கவும் முடியும், மார்பில் கட்டி மலை ஏறவும் முடியும்.

10 மி.மீ.: கிளாக் 20 போன்றவை. மலையில் நடப்பவர்கள் இன்று அதிகம் சொல்வது இதைத்தான். சக்தியில் 357 மேக்னத்துக்கு இணை, தோட்டாவும் அதிகம் கொள்ளும். ஆனால் பிடி பருமன், நிரப்பினால் ஒரு கிலோவைத் தாண்டும், பயிற்சித் தோட்டா 9 மி.மீ. போல இரு மடங்கு விலை. கை பெரியவர்களுக்கு நல்ல தேர்வு.

357 மேக்னம் ரிவால்வர்: ரூகர் ஜிபி100 போலக் கனமான எஃகு வகையில் என்றால் சுடுவது இனிமை. எடை 1.1 கிலோவுக்கு மேல். இதன் பெரிய வசதி, 38 ஸ்பெஷல் என்ற மென்மையான தோட்டாவையும் அதிலேயே போட்டுப் பழகலாம். இன்னொரு வசதியும் உண்டு. மிருகம் மேலே விழுந்து துப்பாக்கிமுனை அதன் உடம்பில் அழுந்தினால் கிளாக் போன்ற பிஸ்டலின் ஸ்லைடு பின்னால் தள்ளப்பட்டுச் சுடாமல் போகலாம். ரிவால்வர் சுடும்.

நான் எடுத்தது 9 மி.மீ. காகிதத் தட்டுச் சோதனையில் நான் தேறியது அதில் மட்டும்தான்.

தோட்டாவில் ஒரு பொறி இருக்கிறது. மனிதத் தாக்குதலுக்கான தோட்டா, உள்ளே போய் விரிந்து நின்றுவிடும் குழிமுனை வகை. சுவரைத் துளைத்து அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காக அப்படி. மிருகத்துக்கு எதிர்மாறாக, விரியாமல் ஆழமாகப் போகும் தட்டைமுனை வகை வேண்டும். நான் இரண்டு மேகசின் (தோட்டா நிரப்பிப் பிடிக்குள் செருகும் பெட்டி) வைத்திருக்கிறேன். மலைக்கு உள்ளதன் அடியில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி. வெறும் ஈயத் தோட்டா வேண்டாம் என்று கிளாக் கையேடு சொல்கிறது, அதனால் செம்பு உறை போட்டதோ முழுச் செம்போ பாருங்கள். எதை வாங்கினாலும் குறைந்தது 50 தோட்டாவை ரேஞ்சில் சுட்டுச் சிக்காமல் ஓடுகிறதா என்று உறுதி செய்தபிறகே மலைக்கு எடுத்துப்போங்கள்.

மேகசின் பற்றி: 2022 ஜூலை 1 முதல் இந்த மாநிலத்தில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை விற்கவும் வெளியிலிருந்து கொண்டுவரவும் தடை. ஐடஹோவுக்குப் போன நண்பரிடம் “ஒண்ணு வாங்கிட்டு வா” என்று சொல்லாதீர்கள்.

5. கடைக்குப் போகும் முன் தாள்கள்

என் ஐந்து மாதத்தில் மூன்று மாதம் இங்கேதான் போனது.

முகவரி. டிரைவிங் லைசென்ஸில் இருக்கும் முகவரி நீங்கள் இன்று குடியிருக்கும் முகவரியாக இருக்க வேண்டும். என் லைசென்ஸில் பழைய அபார்ட்மென்ட் இருந்தது. கடையில் மின்கட்டண ரசீதைக் காட்டியும் ஏற்கவில்லை, அரசு கொடுத்த தாளில்தான் முகவரி இருக்க வேண்டும் என்றார்கள். புது அட்டை தபாலில் வரக் காத்திருந்தேன். வீடு மாறியவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள்.

பெயர். தமிழர்களுக்கு இதுதான் தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, லைசென்ஸில் இனிஷியலாக, கிரீன் கார்டில் விரித்து என்று மூன்று அட்டையில் மூன்று விதமாக இருக்கும். பின்னணிச் சரிபார்ப்பு சிக்கிக்கொள்வது இதனால்தான். லைசென்ஸையும் கிரீன் கார்டையும் ஒரே எழுத்தில் கொண்டுவந்த பிறகே போங்கள். கடையில் நிரப்பும் கூட்டாட்சி விண்ணப்பமான ஃபாரம் 4473-ல் நடுப்பெயர் வெறும் இனிஷியல் என்றால் அதன் பக்கத்தில் ‘ஐஓ’ என்ற ஆங்கில எழுத்துகளை எழுத வேண்டும். நடுப்பெயரே இல்லை என்றால் ‘என்எம்என்’. காலியாக விட்டால் தாள் திரும்பி வரும்.

கிரீன் கார்டு. அசல் கொண்டுபோங்கள். அதில் உள்ள ஏ-எண் (குடியேற்றத் துறை உங்களுக்குத் தந்த எண்) ஃபாரத்தில் கேட்கப்படும். குடியுரிமை நாடு என்ற இடத்தில் இந்தியாவைக் குறிக்க வேண்டும், பழக்கதோஷத்தில் அமெரிக்காவை டிக் செய்துவிடாதீர்கள். குடிமகன் அல்லாதவர் குடிமகன் என்று சொல்வது தனிக் குற்றம்.

பயிற்சிச் சான்றிதழ். 2024 ஜனவரி 1 முதல், கடந்த ஐந்து ஆண்டுக்குள் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான சான்று வேண்டும். இப்போதைக்கு ஆன்லைன் வகுப்புச் சான்றே போதுகிறது. 2027 மே 1 முதல் நிலைமை மாறும். வாங்குவதற்கே தனி அனுமதி, கைரேகை, நேரில் சுட்டுக் காட்டும் பயிற்சி எல்லாம் வருகின்றன. எந்தத் தேதியில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் திட்டமிடுங்கள்.

ஃபாரத்தில் இரண்டு கேள்விகளில் கவனம். ‘நீங்கள்தான் உண்மையான வாங்குபவரா?’ வேறு ஒருவர் காசில் அவருக்காக வாங்கி, ஆம் என்று எழுதினால் அது கூட்டாட்சிக் குற்றம். எச்-1பியில் இருக்கும் தம்பிக்காக அக்கா வாங்கிக் கொடுப்பது இதில் நேராக விழும். அடுத்தது கஞ்சா. வாஷிங்டனில் கடையில் விற்கிறார்கள், ஆனாலும் கூட்டாட்சிச் சட்டம் அதை ஏற்கவில்லை என்று ஃபாரமே எச்சரிக்கிறது.

கையெழுத்துப் போட்டபின் பத்து வேலைநாள் காத்திருக்க வேண்டும். துப்பாக்கியை உடையில் மறைத்து வைத்துக்கொண்டு நடமாடுவதற்கான உரிமம் (மறைத்து வைக்கும் உரிமம்) இருந்தால் காத்திருப்பு இல்லை என்று பழைய தகவல் சுற்றுகிறது, அது இப்போது செல்லாது. கைத்துப்பாக்கியை உங்கள் மாநிலக் கடையில்தான் வாங்க முடியும். ஆன்லைனில் வாங்கினாலும் உள்ளூர்க் கடைக்குத்தான் வரும், அவர்கள் 30 முதல் 50 டாலர் கேட்பார்கள்.

6. மறைத்து வைக்கும் உரிமத்துக்கும் அதே வாரம் விண்ணப்பியுங்கள்

துப்பாக்கி வாங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நகரக் காவல் நிலையத்திலோ கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகத்திலோ கைரேகை கொடுக்க வேண்டும், கட்டணம் ஏறத்தாழ 50 டாலர், ஐந்து ஆண்டு செல்லும். விண்ணப்பித்து 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். மாநிலத்துக்கு வந்து 90 நாள் ஆகாதவர்களுக்கு 60 நாள். உண்மையில் நேரம் போவது கைரேகைக்கு முன்பதிவு கிடைப்பதில்தான். கிரீன் கார்டுக்காரர்களுக்கும் உரிமம் உண்டு.

“மலையில் நடக்கும்போது உரிமம் இல்லாமலே மறைத்து வைக்கலாமே” என்பார்கள். சரிதான், நடைப்பயணம், முகாம், மீன்பிடிப்பு போன்றவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் கார்? தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியைக் காரில் வைக்க உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர் மேகசினைக் கழற்றி, குழலின் பின்னறையில் உள்ள தோட்டாவையும் எடுத்து வைத்த பிறகே காரில் ஏற வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் குளிரில் நடுங்கும் கையோடு துப்பாக்கியை நிரப்புவதும் காலி செய்வதும்தான் கை தவறிச் சுடும் நேரம். இதற்காகவே உரிமம் எடுங்கள்.

7. ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை)

இடுப்பு ஹோல்ஸ்டரோடு முதல்முறை மவுண்ட் சாய் ஏறினேன். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை துப்பாக்கிக்கு மேலேயே வந்து இறுகியது. எடுக்க வேண்டுமென்றால் முதலில் பட்டையின் கொக்கியை அவிழ்த்து, சட்டையைத் தூக்கி, பிறகு பிடியைத் தேட வேண்டும். பாதையோரம் நின்று எண்ணிப் பார்த்தேன், எட்டு விநாடி. மார்பில் கட்டும் ஹோல்ஸ்டர் வாங்கியபின் இரண்டு விநாடி. விலை 80 முதல் 150 டாலர். விசையை முழுசாக மூடும் கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) வகை வாங்குங்கள், நம் ஊர் மழைக்குத் தோல் ஊறிப்போகும்.

ஸ்ப்ரே இடது பக்கம், துப்பாக்கி மார்பில். எது எங்கே என்பதை எல்லா நடைக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

தேசியப் பூங்காக்களுக்குள் 2010 பிப்ரவரி முதல் மாநிலச் சட்டப்படி வைத்திருக்கலாம், ஆனால் அங்கே பயிற்சிக்குச் சுடக் கூடாது. ரெய்னியரில் பாரடைஸ் விசிட்டர் சென்டர் போன்ற கட்டடங்களுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது, டாய்லெட்டுக்காக உள்ளே போகும்போது மறந்துவிடுவோம். தபால் நிலையம், அதன் கார் நிறுத்துமிடம் உட்பட, தடை.

8. வீட்டில் பூட்டு

விரல்ரேகையோ எண்ணோ போட்டுத் திறக்கும் சிறு பெட்டகம், 100 முதல் 250 டாலர். துப்பாக்கி வாங்கும் அன்றே வாங்குங்கள். பூட்டாமல் வைத்த துப்பாக்கி குழந்தை கையிலோ, வைத்திருக்கத் தடை உள்ளவர் கையிலோ போய் விபரீதம் நடந்தால் உரிமையாளர் மேல் வழக்கு வரும். கோடையில் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மா பி-2 விசாவில் இருப்பவர்கள், அவர்களுக்கும் தடை உண்டு. பெட்டகத்தின் எண்ணை அவர்களுக்குச் சொல்லாதீர்கள். நான் அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன்: “அந்த அலமாரிப் பக்கம் போகாதீங்கம்மா, உங்க விசாவுக்கே ஆபத்து.”

மொத்தச் செலவு எனக்கு: துப்பாக்கி வரியோடு 620, வகுப்பும் வாடகையும் 380, ஹோல்ஸ்டர் 110, பெட்டகம் 160, உரிமம் 50, தோட்டா 200, ஸ்ப்ரே 45. ஆக 1,565 டாலர். துப்பாக்கியின் விலையை மட்டும் மனதில் வைத்துப் போகாதீர்கள்.

9. எல்லை தாண்டும்போது

ஆரிகன் மாநிலம் வாஷிங்டன் உரிமத்தை ஏற்பதில்லை. கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடக்கப் போகும்போது பாலத்தைத் தாண்டினாலே உரிமம் செல்லாது. கனடாவுக்குக் கைத்துப்பாக்கியோடு போகவே கூடாது. வான்கூவர் கோயிலுக்கோ, உறவினர் வீட்டுக்கோ திடீரென்று கிளம்பும் நாளில் காரின் முன்பக்கச் சிறு பெட்டியை (கிளவ் பாக்ஸ்) ஒருமுறை திறந்து பாருங்கள், தோட்டா உட்பட. கரடி ஸ்ப்ரே, மிருகத்துக்கானது என்று லேபிள் இருந்தால் கனடாவுக்குள் போகும். கைப்பைக்கான பெப்பர் ஸ்ப்ரே போகாது.

கடைசியாக இந்தியா. இந்திய விமான நிலையத்தில் பையில் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவார்கள், மறந்துவிட்டேன் என்பதை நீதிமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும். ரேஞ்சுக்கென்று ஒரு பை ஒதுக்குங்கள், அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். நான் அதைச் செய்யவில்லை. போன டிசம்பரில் சென்னைக்குக் கிளம்பும் முந்தைய இரவு, மலைக்கும் ரேஞ்சுக்கும் கொண்டுபோகும் அதே முதுகுப்பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். கடலை மிட்டாய் உறை, ஒரு கையுறை, பைன் இலைகள். போதும் என்று வைக்கப் போனவள் உள்ளறையின் ஜிப்பையும் திறந்து இன்னொரு தடவை உதறினேன். மரத்தரையில் டிங்கென்று விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டு போனது ஒரு 9 மி.மீ. தோட்டா.